நம்பர் மேடத்தின் மஞ்சள் பலகைகள்

என் மனைவி வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குள் நுழைய மாட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து, "என்னங்க, கொஞ்சம் தண்ணி" என்பாள். நான் தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவன். முன் அறைதான் என் கடை. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு தண்ணீரைக் கொண்டுவந்து கொடுப்பேன். அன்றைக்கு எந்தத் தெருவில் அலைந்தாள் என்று அவள் சொல்ல வேண்டியதில்லை, தலைமுடியே சொல்லிவிடும். தின்னர் வாடை அடித்தால் பெயிண்ட் கடைத் தெரு. ப்ளீச்சிங் வாடை அடித்தால் லாண்டரிகள். ஒரு வாடையும் இல்லையென்றால் நாள் முழுக்க ஆபீசில் உட்கார்ந்து திட்டு வாங்கியிருக்கிறாள்.

நகராட்சியில் அவளுக்கு நீளமாக ஒரு பதவிப் பெயர் உண்டு. அது ஊரில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. எல்லாருக்கும் அவள் 'நம்பர் மேடம்'.

அந்தப் பெயர் வந்த கதை இது. சில வருடங்களுக்கு முன் ஒரு கிடங்கு தீப்பிடித்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்ல ஆள் இல்லை. தீயணைப்புக்காரர்கள் வழக்கம்போலத் தண்ணீரை அடித்தார்கள். தண்ணீர் படக்கூடாத சரக்கு உள்ளே இருந்திருக்கிறது. இரண்டு பேருக்குக் கண் போய்விட்டது. அதற்குப் பிறகு நகராட்சி ஒரு விதி போட்டது. எரிகிறது, அரிக்கிறது, விஷம் என்று எதை வைத்திருந்தாலும் கடைக்காரர் அதைச் சொல்ல வேண்டும். சொன்னதை ஒரு மஞ்சள் பலகையில் எழுதி வாசலில் மாட்ட வேண்டும். பலகையின் மூலையில், ஆபத்து எவ்வளவு என்று காட்ட சுழியத்திலிருந்து நாலு வரை ஓர் எண். அந்த எண்ணைப் போடுகிறவள்தான் என் மனைவி.

எண்ணைப் போட்டதுதான் வினையாகிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனை வருடமானாலும் மார்க் என்றால் விடமாட்டார்கள். பெயிண்ட் கடைக்காரருக்கு நாலு கிடைத்தது. மனுஷர் பலகையைத் தினமும் துடைத்து வைத்தார். எதிரே ஹார்டுவேர் கடைக்காரருக்கு மூன்று. அவர் நேரே ஆபீசுக்கே கிளம்பி வந்துவிட்டார்.

"மேடம், அவன் கடை நேத்து முளைச்சது. என் கடை எங்கப்பா காலத்துக் கடை. எனக்கு மூணு, அவனுக்கு நாலா?"

"ஐயா, நாலுன்னா ஆபத்து ஜாஸ்தின்னு அர்த்தம். கம்மியா இருந்தா உங்களுக்குத்தான் நல்லது."

"அதெல்லாம் படிச்சவங்க பேச்சு. கடைக்கு வர்றவன் என்ன நினைப்பான்? நீங்களே சொல்லுங்க."

முடி வெட்டுகிறவர் பாடு இன்னும் மோசம். அவருக்குச் சுழியம். "முட்டை போட்டு மானத்தை வாங்கிட்டீங்களே" என்று வழியை மறித்துக்கொண்டார். அவர் அலமாரியில் ஒரு ஸ்பிரிட் பாட்டிலை இவள் தேடிக் கண்டுபிடித்து, எண்ணை ஒன்றாக்கிய பிறகுதான் விட்டார். என் மிஷின் எண்ணெய்க்கும் ஒன்றுதான். வீட்டிலும் எனக்கு மரியாதை அந்த அளவில்தான் ஓடுகிறது, அதனால் நான் கேள்வி கேட்கவில்லை.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். தினம் தினம் கேட்டால் சிரிப்பு வராது. ஒரே பேச்சை ஒவ்வொரு கடையிலும் முதலிலிருந்து பேச வேண்டும். பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டியிருப்பார்கள், திருப்ப வேண்டும். பலகைக்கு மேல் தள்ளுபடி நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், சுரண்ட வேண்டும். ஒரு மெத்தைக் கடைக்காரர் பலகையைத் தண்ணீர்க் குடத்துக்கு மூடியாக வைத்திருந்தார். இவளுடன் சேர்ந்த மற்ற இரண்டு பேரும் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். இவள் மட்டும் மாட்டிக்கொண்டாள். "நீயும் வேற பிரிவுக்குப் போயிடேன்" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "போகலாம்தான்" என்பாள். அதைச் சொல்லிக்கொண்டே நாளைக்கு உடுத்துவதை எடுத்து வைப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஊரிலேயே அந்த எண்ணின் அர்த்தம் சரியாகப் புரிந்த கடைக்காரர் ஒருவர்தான். என் மச்சான், அதாவது இவளுடைய அண்ணன். புரிந்ததால்தான் அவர் பலகை வேண்டாம் என்றார்.

மச்சானுக்கு முலாம் பூசும் பட்டறை. கதவுக் கைப்பிடி, குழாய், சைக்கிள் சாமான் எல்லாம் அங்கே மங்கலாகப் போய்ப் பளபளவென்று வெளியே வரும். ஒரு பக்கம் அமிலத் தொட்டி, இன்னொரு பக்கம் சயனைடு கரைத்த தொட்டி. இரண்டும் தப்பித் தவறிக் கலந்தால் கிளம்புகிற புகையில் நாலு மூச்சு இழுத்தால் போதும், ஆள் காலி. மச்சான் கவனமான மனுஷர். எத்தனையோ வருடமாக அங்கே ஒன்றும் நடந்ததில்லை. இவர்கள் அப்பா சீக்கிரமே போய்விட்டதால், அந்தத் தொட்டிகள்தான் இவளைப் படிக்க வைத்தன. அமிலம் தின்ற அவருடைய விரல் நுனிகளைப் பார்த்தால் இவள் இன்றைக்கும் கண்ணைத் திருப்பிக்கொள்வாள்.

பட்டறை வாடகைக் கட்டடத்தில், குடித்தனங்களுக்கு நடுவில் இருந்தது. மச்சான் குடும்பத்துக்கு வீடு இரண்டு தெரு தள்ளி. ஊரில் எல்லாக் கடைக்கும் பலகை மாட்டி முடித்து, கடைசியாகத்தான் இவள் அங்கே போனாள். அன்று நானும் கூட இருந்தேன். மச்சான் காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தார்.

"ரெண்டு போட்டுடும்மா. ரெண்டுன்னா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டான்."

"நாலுண்ணா."

"சரி, மூணு. சயனைடுன்னு எழுதாத. உப்புன்னு எழுது. அதுவும் ஒரு உப்புதானே?"

"அண்ணா, தீப்பிடிச்சா உள்ள வர்றவன் உப்புன்னு நினைச்சுட்டு வருவான்."

"இங்க எப்பம்மா தீப்பிடிச்சிது?" மச்சானின் குரல் இறங்கிவிட்டது. "நாலுன்னு மாட்டினா வீட்டுக்காரர் என்னை நாளைக்கே காலி பண்ணச் சொல்லுவார். நான் எங்க போவேன், சொல்லு."

இவள் பலகையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மேலதிகாரியே முன்னால் இவளைக் கூப்பிட்டு, "உங்க அண்ணன் பட்டறைதானேம்மா, அதை மட்டும் விட்டுடுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். அன்று இரவு முழுக்க என்னிடம் அதையே கேட்டாள். விட்டுவிடு என்று நான் வாய் திறந்து சொன்னேன். என் மச்சான், அவர் பிழைப்பு, எனக்கு வேறென்ன தோன்றும்? அவள் கேட்டுக்கொண்டாள். மறுநாள் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய் நாலு போட்ட பலகையைத் தன் கையாலேயே அடித்துவிட்டு வந்தாள். மச்சான் தடுக்கவில்லை. "அடி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றாராம்.

மச்சான் சொன்னபடியே ஆயிற்று. பக்கத்துக் குடித்தனக்காரர்கள் பலகையைப் படித்தார்கள், வீட்டுக்காரரிடம் போனார்கள். அந்த மாதமே பட்டறை காலி. நகராட்சி எல்லை ஆற்றுப் பாலத்தோடு முடிகிறது. பாலம் தாண்டினால் இவளுடைய விதி செல்லாது. மச்சான் பாலத்துக்கு அந்தப் பக்கம் பழைய இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றைப் பிடித்தார். இரண்டு இடத்துக்கு வாடகை கொடுக்க முடியாமல் போகவே, ஊருக்குள் இருந்த வீட்டையும் விட்டுவிட்டார். கீழே தொட்டிகள். மேலே அவர், இவளுடைய அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள். வாசலில் பலகை கிடையாது.

இதைக் கேள்விப்பட்ட நாளில் இவள் வாசற்படியில் உட்கார்ந்தவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"முன்னாடி பட்டறை ஒரு பக்கம், பிள்ளைங்க ஒரு பக்கமா இருந்தாங்க. நான்தாங்க கொண்டுபோய் ஒண்ணா வச்சிருக்கேன்" என்றாள்.

விதி சரி, அவளும் சரி. ஆனாலும் வந்து நின்ற இடம் இது. பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊராட்சி அலுவலகத்துக்கு இரண்டு முறை நடந்தாள். "எங்க கிட்ட அப்படி ஒரு விதியே இல்லையே மேடம்" என்று உட்கார வைத்து மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். மச்சானோ போன் எடுக்கவில்லை. இவள் வழக்கம்போல ஹார்டுவேர் கடைக்காரரிடம் மூன்றுக்கும் நாலுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பாடு பாதியானது. அவளைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

ஒருநாள் அண்ணி போன் செய்தார். சின்னவளுக்கு இருமல் நிற்கவில்லை, படிக்கட்டு வழியாக வாடை மேலே ஏறுகிறது, ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் கண் காந்துகிறது. "உங்க அண்ணன் கிட்ட சொன்னா கோபம் வருது. நீயாவது வந்து பாரும்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்து மடியில் ஒரு மஞ்சள் பலகையைப் பிடித்துக்கொண்டாள். ஆபீஸ் பலகை அல்ல, சொந்தக் காசில் எழுதி வாங்கியது.

"அங்க இதுக்கு ஒரு மதிப்பும் கிடையாதே" என்றேன்.

"தெரியும். நீங்க ரோட்டைப் பாருங்க."

மச்சான் சரக்கு எடுக்க வெளியே போயிருந்தார். அண்ணி பட்டறையைத் திறந்துவிட்டார். இடம் சின்னது. அமிலக் கேன்களும் சயனைடு ட்ரம்மும் ஒரே மூலையில், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றன. பழைய பட்டறையில் மச்சான் கனவில்கூட அப்படி வைத்திருக்க மாட்டார். இவள் புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஒவ்வொரு கேனுக்கும் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, அணைத்துத் தூக்கி, எதிர்ச் சுவர்ப் பக்கம் கொண்டுபோனாள். அண்ணியும் நானும் கூடப் பிடித்தோம். நடுவில் செங்கல் அடுக்கி ஒரு தடுப்பு வைத்தோம். பெரியவள் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் மேலே இருமிக்கொண்டிருந்தாள்.

முடித்து, வாசலில் பலகையை மாட்டிக்கொண்டிருக்கும்போது மச்சான் வந்துவிட்டார்.

"இங்கயும் வந்துட்டியா?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. "இது உன் எல்லை இல்ல. கழட்டு."

"எல்லை இல்லதான். ஆபீசுக்காக வரலைண்ணா."

"அப்புறம் யாருக்காக? ஒரு தடவை மாட்டி என்னை ஊரை விட்டு அனுப்பின. இனி எங்க அனுப்பப் போற?"

இவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஊரெல்லாம் திட்டினாலும் அழாதவள், சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பினாள். "நீ என்னை எவ்வளவு வேணா பேசு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. பாலத்துப் பக்கம் தீயணைப்பு வண்டி மணி கேட்டாலே எழுந்து வாசலுக்கு ஓடறேன்."

அண்ணி பலகை அருகே போய் எழுத்துக்கூட்டிப் படித்தார். அமிலம், எவ்வளவு. சயனைடு, எவ்வளவு. தண்ணீர் அடிக்காதே. மூலையில் நாலு. முழுக்கப் படித்துவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கீழ இருக்கறதை எல்லாம் எழுதியிருக்க. மேல நாங்க இருக்கறது இதுல எங்கயும் இல்லையே?"

"அதுக்கு இதுல இடம் இல்ல அண்ணி." இவள் கண்ணைத் துடைத்தாள். "இந்தச் சரக்குக்கு மேல ஆள் குடியிருக்கவே கூடாது. அதனால யாரும் அதுக்குன்னு ஒரு வரி ஒதுக்கல."

"இருக்கோமே. வர்றவனுக்கு எப்படித் தெரியும்?"

மேலே இருமல் விட்டுவிட்டுக் கேட்டது. இவள் பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்தாள். பலகையின் அடியில் விரற்கடை அகலத்துக்குத்தான் மஞ்சள் மிச்சம் இருந்தது. அதில் நுணுக்கி நுணுக்கி எழுதினாள்: 'மாடியில் நாலு பேர். இரண்டு குழந்தைகள்.' எழுதி முடித்துவிட்டு, இப்போது கழற்றச் சொல்வார் என்று அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

மச்சான் கிட்டே வந்து குனிந்து அந்தக் கடைசி வரியைப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பிறகு தெருவுக்கு இறங்கி, எதிர்ச் சாரி வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தவர் பட்டறைக்குள் போய்ப் பெயிண்ட் டப்பாவும் பிரஷும் கொண்டுவந்தார். இவள் கையிலிருந்த மார்க்கரை வாங்கிக்கொண்டு பிரஷைக் கொடுத்தார்.

"அங்கிருந்து தெரியலம்மா" என்றார். "மத்ததை அழிச்சுட்டாலும் பரவாயில்ல. இதைப் பெருசா எழுது."