தலைவரின் அறையில் பொங்கிய மா

வெள்ளவத்தையில் ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் படிப்பிக்கிறேன். எங்கள் துறைத் தலைவர் ஒருமுறை என்னைக் கொள்ளுப்பிட்டியில் நடந்த பட்டறை ஒன்றுக்கு அனுப்பினார். மாணவரின் பண்பாட்டிலிருந்து விஞ்ஞானத்தைத் தொடங்குங்கள் என்று அங்கே சொன்னார்கள். எனக்கு அது பிடித்துப்போயிற்று.

அடுத்த பாடம் நொதித்தல். புத்தகத்திலிருந்த பியர் உதாரணத்தை விட்டுவிட்டு, ஒரு சட்டி தோசை மாவோடு வகுப்புக்குப் போனேன். வீட்டில் தோசை மா புளிப்பதைப் பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். ஒரு கையும் எழும்பவில்லை. முன்வரிசையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெடியன் அமைதியாகச் சொன்னான்:

"கடையில வாங்கிற பக்கெட் மாதான் மிஸ். எங்கட பண்பாடு ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கு."

சிரிப்பு அடங்கியபின், மலைநாட்டு ஹட்டனிலிருந்து வந்த மாணவி மெல்லப் பேசினாள். அவள் வீட்டில் மா அரைப்பார்களாம், ஆனால் குளிரில் புளிப்பதே இல்லையாம். அம்மா சட்டிக்கு ஸ்வெட்டர் போட்டுப் பார்த்தும் பயனில்லை. கொட்டாஞ்சேனைக்காரன் ஒருவன் உடனே மறுத்தான். தன் வீட்டில் அப்ப மா மத்தியானத்துக்குள் வழிந்து ஓடுமாம். அவள் அம்மா ஈஸ்ட் போடக் கஞ்சப்படுகிறார் என்பது அவன் முடிவு. நீ ஏன் கை உயர்த்தவில்லை என்று கேட்டேன். நீங்கள் தோசை மாவைத்தானே கேட்டீர்கள், எங்கள் வீட்டில் அப்பம் என்றான்.

குளிரா ஈஸ்டா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. ஒரே மாவை இரண்டு சட்டியில் ஊற்றி, ஒன்றை ஆய்வுகூடத்திலும் மற்றதைக் கல்லூரியிலேயே குளிரான இடத்திலும் வைத்துப் பார்ப்பதென்று முடிவானது. குளிரான இடம் தலைவரின் ஏசி அறை. பட்டறைக்கு அனுப்பிய பலன் என்று அவர் சந்தோஷமாகச் சம்மதித்து, தன் கோப்பு அலுமாரிக்கு மேல் இடம் தந்தார்.

மறுநாள் காலை ஆய்வுகூடத்து மா அளவாகப் பொங்கியிருந்தது. தலைவர் அறை மாவோ அலுமாரியால் வழிந்து கோப்புகளை நனைத்திருந்தது. கொட்டாஞ்சேனைக்காரன் வென்றுவிட்டவன் போல் நின்றான். ஹட்டன் பிள்ளை மட்டும், ஏசியை எப்போது நிறுத்துவீர்கள் என்று தலைவரிடம் பணிவாகக் கேட்டாள். வீட்டுக்குப் போகும்போதே நிறுத்திவிடுவேன், கறண்ட் பில்லைப் பார்க்க வேண்டாமா என்றார் அவர், பெருமையாக. வெயில் விழும் மேற்கு ஜன்னலும் பூட்டியே இருந்தது.

"அப்ப இது குளிர் அறை இல்லைங்க சேர்," என்றாள் அவள். "அடுப்படி."

தலைவரே சிரித்துவிட்டார். அடுத்த முறை வெப்பமானியோடும் கன்டீன் ஃபிரிட்ஜோடும் செய்தோம். அவள் சொன்னதுதான் சரி. கொட்டாஞ்சேனைக்காரன் ஒப்புக்கொண்டான், ஆனாலும் ஈஸ்ட் கொஞ்சம் கூட்டலாம் என்று அவளுடைய அம்மாவிடம் சொல்லச் சொன்னான்.