கிணற்றங்கரையில் பூத்த காரட்

எங்கள் வீட்டில் காய்கறிக்கு விதை தேடியதில்லை. மரச்சீனி என்கிற மரவள்ளிக்குக் கம்பு, சேனைக்குத் துண்டு, வாழைக்குக் கன்று. நட்டது திரும்ப வரும், அவ்வளவுதான். பாறசாலைப் பக்கம் ஜன்மி என்கிற நிலக்கிழாரின் மண்ணில் குடிசை போட்டிருந்த எங்களுக்கு, நிலச் சட்டத்தில் பத்து சென்ட் சொந்தமான புதிது. சும்மா போட்டால் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து அம்மா கண்டதையெல்லாம் நட்டாள்.

அப்பாவின் கடைசித் தங்கையான மாமிக்கு நிச்சயம் நடந்தபோது, நெய்யாற்றின்கரைச் சந்தையிலிருந்து மலைக் காரட் வந்தது. அம்மா அதில் கொழுத்த ஒன்றைக் கிணற்றங்கரையில் தலை மட்டும் தெரிய நட்டாள். கல்யாணத்துக்குள் சேம்பு மாதிரி அடியில் குஞ்சு வைத்துவிடும் என்று நம்பிக்கை.

இலை நன்றாகத்தான் வந்தது. பிறகு நடுவிலிருந்து ஒரு தண்டு என் நெஞ்சு உயரத்துக்கு எழுந்து, வெள்ளைக் குடைகளாகப் பூத்தது. ஈயும் எறும்பும் சிறு தேனீயும் பகல் முழுக்க அதிலேயே கிடந்தன. பூ உதிர்ந்ததும் குடைகள் உள்பக்கம் சுருண்டு குருவிக்கூடு மாதிரி ஆயின. அதற்குள் சொரசொரவென்று விதைகள், துணியில் ஒட்டினால் விடாது. மேலே இவ்வளவு என்றால் கீழே எவ்வளவு இருக்கும் என்று அம்மாவும் நானும் பேசிக்கொண்டோம்.

கல்யாணத்துக்கு அப்பா கல்ஃபிலிருந்து வந்தார். மூத்த தங்கைகளின் கல்யாணங்களும் அவர் உழைப்பில்தான் நடந்தன. வந்தவர் உட்கார்ந்த இடத்திலெல்லாம் தூங்கினார். சட்டை தோளில் நிற்கவில்லை. கல்ஃப்காரனைப் பார்க்க வந்தவர்கள் சென்ட் வாசனையை மட்டும் மெச்சிவிட்டுப் போனார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், காய்கறி நறுக்க வந்த பெண்கள் பார்த்திருக்க அம்மா செடியைப் பிடுங்கினாள். குஞ்சும் இல்லை, நட்ட காரட்டும் இல்லை. சுருங்கி நாரோடிய ஒரு கட்டைதான் வந்தது.

"எக்கா, இது கறிக்குள்ளது இல்ல, அடுப்புக்குள்ளதாக்கும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும்தான். சத்தத்தில் எழுந்து வந்த அப்பா கட்டையை வாங்கி விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பாவம், உள்ளதெல்லாம் மேல குடுத்தாச்சு. இனி இதில என்ன உண்டு?"

அம்மாவின் சிரிப்பு நின்றது. அவர் கையையே பார்த்தவள், அத்தனை பேர் முன்னால் அழுதுகொண்டு, "நீங்க இனி போவண்டாம்" என்றாள்.

"ஒரு காரட்டுக்கா இவ இப்பிடி அழுவுதா?" என்று பெரியம்மா அவளை உள்ளே இழுத்துப் போனாள்.

காரட் முதல் வருடம் கிழங்கில் சேர்த்து வைத்து, அடுத்த வருடம் அதையே செலவழித்துப் பூத்து விதைக்கிறது என்று வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அன்று பெரியம்மா சொன்னதையே நம்பினேன். அதனால்தான் லீவு முடிந்து பெட்டியோடு பஸ் ஏறிய அப்பாவிடம் ஓடிப்போய், "அப்பா, வரும்போ நல்ல காரட் கொண்டு வரணும். அம்மா அதுக்காக்கும் அழுதது" என்றேன்.

"கொண்டு வாறேன் மக்கா" என்றார் அப்பா.

பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிவிட்ட நிம்மதியில், பஸ் மறையும்வரை நான் கையாட்டிக்கொண்டிருந்தேன்.