சாய்ச்சுப்பிடி படியேறிய நாள்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் கூட வேலை செய்கிறவர்களே விழிப்பார்கள். சாய்ச்சுப்பிடி என்று கேளுங்கள், வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் தெரியாதவர் கிடையாது. காலையில் லாரிக் கதவைத் திறந்ததிலிருந்து சாயங்காலம் மூடுகிறவரை அவர் வாயில் அந்த ஒரே பேச்சுதான். "சாய்ச்சுப் பிடி. இன்னும் சாய்ச்சு. ம், போ." பியானோவைக் கீறல் விழாமல் ஐந்து மாடி இறக்கியவர் அவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் தன் சொந்த வீட்டு வாசற்படியில், கையில் ஒரே ஒரு தலையணையோடு விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார். தலையணைக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் சில்லைக் கம்பி போட்டுக் கட்டி, தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரு நீளப் பட்டையை மாட்டிவிட்டார். ஒன்றரை மாதத்துக்குக் காலை மடக்கவே கூடாது, படியே ஏறக் கூடாது.

"வெளியூர் போகலாமா டாக்டர்?"

"கால மடக்காம போக முடிஞ்சா போங்க" என்றார் டாக்டர். போகாதே என்பதைத்தான் நாசூக்காகச் சொன்னார். சாய்ச்சுப்பிடி அதை அனுமதியாக எடுத்துக்கொண்டார்.

போயே ஆக வேண்டியிருந்தது. அவருடைய ஒரே தங்கச்சி வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மகனோடு கடல் தாண்டிப் போகிறாள், ஒரேயடியாக. அவளோ அவரிடம் முகம் கொடுத்துப் பேசி நாலு வருஷமாகிறது. போன் போட்டாலும் எடுப்பதில்லை. எல்லாம் ஒரு பீரோவால் வந்த வினை.

அம்மாவின் மர பீரோ அது. தங்கச்சிக்கென்று அம்மாவே சொல்லிவிட்டுப் போனது. தங்கச்சி மூன்றாம் மாடிக்குக் குடிபோன அன்று அதையும் லாரியில் ஏற்றிக்கொண்டுதான் போனார். இரண்டாம் மாடிக்கு மேலே படி வளைகிற இடத்தில் நின்றார், ஒரே ஒரு தடவை பார்த்தார், "திரும்பாது" என்றார். அவர் இரண்டாம் தடவை பார்க்கிற ஆள் இல்லை. தொழிலில் அவருக்குப் பெயரே அதற்காகத்தான். கூட வந்த ஒல்லி, "அண்ணே, அந்த ஜன்னலத் திறந்தா" என்று இழுத்தான். அவர் பார்த்த பார்வையில் மீதியை முழுங்கிவிட்டான். பீரோ அவர் வீட்டுக்கே திரும்பி வந்தது, தற்காலிகமாக. தற்காலிகமாகவே அதில் அவர் மனைவி துணிமணியை அடுக்கினாள். ஒருநாள் வந்த தங்கச்சி அதைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"எனக்குன்னா திரும்பாது, உன் பொண்டாட்டிக்குன்னா திரும்பும், அப்படித்தானே? அந்த பீரோ என்னைக்கு என் மாடி ஏறுதோ அன்னைக்கு நீயும் ஏறு" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான்.

"கால் சரியானதும் போய்ப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"கால் சரியாகுறப்போ அவ எங்கயோ இருப்பா. நான் யாரைப் போய்ப் பாக்குறது?"

பஸ்ஸில் ஏறினால் நீட்டிய கால் நடைபாதையை அடைத்துக்கொள்ளும். காரில் கால் நுழைந்தால் ஆள் நுழைய மாட்டார். கடைசியில் தொழிலே கை கொடுத்தது. யாரோ ஒருவரின் வீட்டுச் சாமான் அந்த ஊருக்குப் போகிற லாரியிலேயே ஏறிக்கொண்டார், பின்பக்கத்தில். அவர் கடையிலிருந்த கைப்பிடி நாற்காலியில் அவரை உட்கார வைத்து, முன்னால் ஒரு பலகையைக் கட்டி, அதன் மேல் காலை நீட்டி வைத்தார்கள். அப்புறம் கூடவே தொழில் பண்ணுகிற மச்சினனும் ஆட்களும் கைப்பழக்கத்தில் வேலை செய்தார்கள். ஃப்ரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் என்ன செய்வார்களோ அதைத்தான் அவருக்கும் செய்தார்கள். கம்பளி சுற்றி, கயிறு போட்டு, முழங்காலில் 'உடையும் பொருள்' என்றும் நெஞ்சில் 'இந்தப் பக்கம் மேலே' என்றும் ஒட்டிவிட்டார்கள்.

"டேய், நான் உன் அக்கா புருஷன்" என்றார்.

"அதனாலதான் மாமா ரெண்டு கம்பளி" என்றான் மச்சினன்.

வழியில் சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் பின்கதவைத் திறக்கச் சொன்னார். டார்ச் வெளிச்சம் ஃப்ரிட்ஜில் பட்டது, மெத்தையில் பட்டது, சாய்ச்சுப்பிடியின் மூக்கில் வந்து நின்றது.

"இது என்னய்யா?"

"எங்க முதலாளி சார்" என்றார் டிரைவர்.

"சாமான் சீட்டுல இல்லையே."

டிரைவர் விளக்கம் சொல்லச் சொல்ல போலீஸ்காரருக்குச் சந்தேகம்தான் கூடியது. கடைசியில் சீட்டில் 'மெத்தை' என்பதற்குக் கீழே 'முதலாளி ஒன்று' என்று எழுதிக் காட்டிய பிறகுதான் விட்டார். "நல்லா கட்டியிருக்கீங்க" என்று பாராட்டும் கிடைத்தது.

தங்கச்சி வீட்டு வாசலில் லாரி நின்றது. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. மச்சினன், ஒல்லி, தடியன், டிரைவர் நாலு பேரும் நாற்காலியை நாலு மூலையில் பிடித்துத் தூக்கினார்கள். முதல் படியிலேயே சாய்ச்சுப்பிடி ஆரம்பித்துவிட்டார்.

"இடது பக்கம் தூக்கு. தடியா, உன் கை இறங்குது. சாய்ச்சு..."

"மாமா, தூக்கும்போது ஒருத்தன்தான் பேசணும், மத்தவன் வாயத் திறந்தா அன்னைக்குச் சம்பளம் இல்லன்னு சட்டம் போட்டது நீங்க" என்றான் மச்சினன். "அதுவும் சரக்கு பேசவே கூடாது."

சரக்கு வாயை மூடிக்கொண்டது. இரண்டு மாடி தாண்டினார்கள். அந்த வளைவு வந்தது. நாற்காலியைத் திருப்பினார்கள், கால் சுவரில் முட்டியது. பின்னால் இழுத்தார்கள், முதுகு கைப்பிடிக் கம்பியில் இடித்தது. தூக்கிப் பார்த்தார்கள், தலை உத்தரத்தில் மோதப் பார்த்தது. ஆளும் நாற்காலியும் நீட்டிய காலும் பலகையுமாகச் சேர்ந்து சரியாக ஒரு பீரோ நீளம்.

சத்தம் கேட்டு மேலே கதவு திறந்தது. தங்கச்சி வந்து படியின் உச்சியில் நின்றாள். நாலு வருஷத்தில் முடி பாதி நரைத்திருந்தது. கம்பளியையும் கயிற்றையும் நெஞ்சில் ஒட்டியிருந்ததையும் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தார், அவள் சிரிக்கவில்லை.

"என்ன கோலம் இது?"

"கால் ஆபரேஷன்" என்றார். "நீ போறேன்னு சொன்னாங்க."

"அக்கா, திரும்பல" என்றான் மச்சினன், மூச்சு வாங்க.

அவர்கள் இன்னொரு தடவை முயன்றார்கள். அவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் சுருங்கியது.

"அப்ப நெஜமாத்தான் திரும்பாதா?" என்றாள். "நாலு வருஷமா உன்னைத் திருடன்னு நெனச்சுட்டு இருந்தேன் அண்ணே. அம்மா பொருளுக்கு ஆசைப்பட்டு நீ பொய் சொன்னதா. நீ சரியாத்தான் சொல்லியிருக்க. நான்தான்..." கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இரு, நான் இறங்கி வர்றேன்."

இதற்காகத்தானே வந்தார். வழி நெடுகக் கம்பளிக்குள் வேர்த்து வடிந்துகொண்டு, அவள் இப்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்றுதானே ஏங்கிக்கொண்டு வந்தார். கேட்காமலே கிடைத்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஒல்லி எதையோ சொல்ல வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது அந்த ஜன்னல், பெயிண்ட் அடித்து அடித்து ஒட்டிப்போன ஜன்னல். ஒரு பீரோவின் கால்பக்கத்தை அதன் வழியே வெளியே விட்டு உள்ளே திருப்பலாம் என்பது இப்போது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. பீரோ இருந்த இடத்தில் இப்போது அவரே கிடக்கிறார், தெரியாமல் என்ன?

அதற்குள் இரண்டாம் மாடிக் கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, அவரை இறக்கி ஒத்தக் கால்ல நிக்க வச்சுத் திருப்பினா முடிஞ்சது. எதுக்கு இந்தப் பாடு?"

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தியமாக இது யாருக்கும் தோன்றவில்லை. தூக்குகிற சாமான் எழுந்து நிற்கும் என்று எவன் நினைப்பான்? மச்சினன் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

"அவுக்காத" என்றார் சாய்ச்சுப்பிடி. "பீரோவை அவுத்து விட்டா எந்திரிச்சு நிக்குமா?" அப்புறம் தங்கச்சியைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒல்லி, ஜன்னலத் திற" என்றார்.

ஒல்லி தோளைக் கொடுத்து ஒரு இடி இடித்தான். பெயிண்ட் பிளந்து ஜன்னல் திறந்துகொண்டது.

"சரக்கு பேசலாம்ல?" என்று மச்சினனைக் கேட்டார் சாய்ச்சுப்பிடி.

"பேசுங்க மாமா."

"சாய்ச்சுப் பிடி. இன்னும் சாய்ச்சு. கால வெளிய விடு."

இரண்டாம் மாடிக்கு மேலே ஒரு ஜன்னலிலிருந்து, 'உடையும் பொருள்' என்று ஒட்டிய கால் ஒன்று தெருவுக்கு மேலே நீண்டது. எதிர்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் கிளிப்பை வாயில் கவ்வியபடியே நின்றுவிட்டார். நாற்காலி அரை வட்டம் சுற்றியது, கால் உள்ளே வந்தது, எங்கேயும் இடிக்காமல் மேல்படியைப் பார்த்து நின்றது. முக்கவும் இல்லை, முனகவும் இல்லை. அவ்வளவு சுலபம்.

தங்கச்சி ஜன்னலைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"அப்ப பீரோவும் வந்திருக்கும்" என்றாள் மெதுவாக.

"வந்திருக்கும்."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியாது. நான் சரியாப் பாக்கல. இந்த ஒல்லி சொன்னான், நான் கேக்கல. திரும்பாதுன்னு ஒரு தடவ சொல்லிட்டேன், அப்புறம் எப்படி மாத்துறதுன்னு..." கண்ணைத் துடைக்கலாமென்றால் இரண்டு கையும் கயிற்றுக்குள் இருந்தன. வடிய விட்டார்.

தங்கச்சி திரும்பி உள்ளே போய்விட்டாள். கதவு சாத்தப்படும் என்று காத்திருந்தார். சாத்தப்படவில்லை. நாலு பேரும் மீதிப் படிகளை ஏறி அவரை உள்ளே கொண்டுபோனார்கள். கூடம் முழுக்கக் கட்டி வைத்த பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. கால் வைக்க இடமில்லை.

"எங்க வைக்கணும்க்கா?" என்றான் மச்சினன், எந்த வீட்டிலும் கேட்கிற மாதிரியே.

அவள் உள்சுவர் ஓரமாகக் கை காட்டினாள். அங்கே மட்டும் ஒரு பெட்டியும் இல்லை, சுவரில் ஓர் ஆணியும் இல்லை. தரை மட்டும் தேயாமல் புதிதாக இருந்தது.

"அங்க வைங்க" என்றாள். "வந்த நாள்லேர்ந்து அந்த இடத்துல நான் எதையும் வைக்கல."

வைத்தார்கள். மச்சினன் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தான். "நேரா இருக்காக்கா?"

தங்கச்சி தலையைச் சாய்த்து அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொஞ்சம் இடது பக்கம்" என்றாள்.