கருவாடு ஏறும் கோச்சி

முந்தல் ஸ்டேஷன் வாங்கில் நானும், கருவாட்டு மூட்டையை நடுவே வைத்துக்கொண்டு ஓர் அக்காவும் மட்டுமே உட்கார்ந்திருக்கிறோம். வெள்ளத்துக்குப் பிறகு இன்றுதான் ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, திரும்ப ஓடும் என்றார்கள், இன்னும் காணவில்லை. கைப்பேசியில் இந்த ஆண்டின் உலக ரயில் செய்திகள்: சாரதியே இல்லாத ரயில், ஹைட்ரஜனில் ஓடும் ரயில். அக்காவுக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.

“அதுல கருவாடு ஏத்துவாங்களா, தம்பி?”

செய்தியை மேலிருந்து மறுபடி தேடிப் பார்க்கிறேன்.

“பஸ்ஸுல ஏத்த மாட்டாங்க, நாத்தமாம். கோச்சி வராட்டி சிலாபம் சந்தைக்கு நான் பறந்துதான் போகணும்.”

தெருவில் பஸ் ஹோன் அடிக்கிறது.

“ஓடுங்க, உங்கள ஏத்துவாங்க,” என்கிறார்.

ஏறி யன்னலோரம் அமர்கிறேன். என் சட்டையில் ஏறியிருக்கும் கருவாட்டு வாசத்துக்கு மூக்கைச் சுளித்து, பக்கத்திலிருந்தவர் எழுந்து பின்னால் போகிறார். சிலாபம் வரை அந்த இடத்தில் யாரும் வந்து அமரவில்லை.