உப்புநீர்ப் பீப்பாய்

அபாயச் சங்கு ஊதியதும் துறைமுகத்தில் எல்லோரும் பதுங்கு குழியை நோக்கி ஓட, சின்னராசா மட்டும் எதிர்ப்பக்கமாக மின்னிலையத்துக்குள் ஓடுவார். அங்கே அவர் எஞ்சின் டிரைவர். நல்ல தொந்தி. மரியாதைக்காகத்தான் அதை ஓட்டம் என்கிறேன்.

மின்சாரத்தை நெல்லைப் போல மூட்டை கட்டி வைக்க முடியாது. செலவாகிற அளவை அந்தந்தக் கணமே உண்டாக்க வேண்டும். சங்கு கேட்டுப் பட்டறைக்காரர்களாகிய நாங்கள் எல்லா இயந்திரங்களையும் ஒன்றாக நிறுத்திவிட்டுப் பறந்தால், பாரம் சட்டென்று குறைந்து டீசல் எஞ்சின் வெறிபிடித்துச் சுழலும். வேகத்தை அடக்கும் கருவி ஒன்று இருக்கிறது, அது கிழடு. எஞ்சினை நிறுத்தவும் வழியில்லை. தீயணைக்கும் பம்பு அதை நம்பித்தான் இருக்கிறது.

ஆகவே சின்னராசா ஒரு பெரிய மரப்பீப்பாயில் கடல்நீர் நிரப்பி, மின்கம்பி பூட்டிய இரும்புத் தகடுகளை அதற்குள் கயிற்றால் இறக்குவார். பட்டறை விட்ட பாரத்தைத் தண்ணீர் ஏற்றுக்கொண்டு கொதிக்கும். "வேலையில்லாட்டில் எஞ்சினுக்கும் கெட்ட புத்தி வரும். அதுதான் வேலை குடுக்கிறன்" என்பார்.

சங்கு அடங்கித் தகடுகள் மேலேறியதும், காவலாளி ஸைனுலாப்தீன் கோழிமுட்டைகளை அந்தக் கொதிநீரில் போட வருவார். யுத்தத்தால் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அந்த அவித்த முட்டைதான்.

காலைச் சாப்பாடு கொண்டுவரும் மனைவி பூரணிக்கு இதெல்லாம் பிடிக்காது.

"தாலி கட்டினது எனக்கோ, உந்த எஞ்சினுக்கோ?"

"பம்பு நிண்டால் நெருப்பை என்னெண்டு அணைக்கிறது?" என்று அவர் பிட்டைப் பிசைவார்.

சித்திரை வருடப்பிறப்புக்குச் சற்று முன்பு யப்பான்காரன் மெய்யாகவே வந்தான். விமானத்தளம் இருந்த சீனன்குடாப் பக்கம் கரும்புகை எழுந்தது. சாப்பாட்டோடு வந்த பூரணியை நாங்கள் குழிக்குள் இழுத்துப்போட்டோம். எதிரே மின்னிலையக் கதவு திறந்து கிடந்தது. பக்கத்தில் குண்டு விழுந்து அதன் கூரைத் தகரம் பறந்ததும், அவள் எங்கள் கைகளை உதறிவிட்டு ஓடினாள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

"குழிக்குப் போ!" என்று சின்னராசா கத்தினார்.

"ஏலாது! நீங்கள் வந்தால் வாறன்!"

எஞ்சின் சத்தம் ஏறத் தொடங்கியது. அவர் தகடுகளை இன்னும் கொஞ்சம் இறக்கினார். பிறகு கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு, தன் தலையிலிருந்த இரும்புத் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் கவிழ்த்து, வாரை நாடிக்குக் கீழே இரண்டு கையாலும் இறுக்கினார்.