நீரில் கரையாத நீலம்

சனிக்கிழமை காலை 6.40. லிட்டில் இந்தியா, மார்க்கெட் தெரு முனையில் ஆரோக்கியம் அண்ணனின் கார் வந்து நின்றது. எங்கள் கல் சேகரிப்போர் குழுவின் பட்டியல் அவரிடம்தான் இருக்கிறது. கெடா எல்லையிலுள்ள பழைய ஈயச் சுரங்கத்தில் கொனலைட் கிடைக்கும் என்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதில் எழுதவைத்தவள் நான். செம்பு சேர்ந்த அபூர்வக் கனிமம். ஊசி ஊசியாக நீலம். வீடு மாறியபோது கல் தொலைந்தது, பெயரும் இடமும் எழுதிய லேபல் மட்டும் மிஞ்சியது. இன்று கிடைக்காவிட்டால் அந்த வரியை அடித்துவிடுவாராம். அதோடு குழுவில் என் பேச்சுக்கும் மதிப்பு போய்விடும்.

"கல்லு இல்லாத லேபல வெச்சி நான் என்னா செய்யிறது, தங்கச்சி?" என்றார், கடல்மேல் செல்லும் பாலத்தில் ஏறும்போதே. எனக்குச் சுருக்கென்றது.

8.00. புக்கிட் மெர்தாஜாமில் ஆளுக்கொரு ரொட்டி சானாய், இழுத்து ஆற்றிய தே தாரிக்: ஏழு வெள்ளி இருபது காசு. அங்கிருந்து முப்பத்தோரு கிலோமீட்டர்; கடைசி இரண்டும் செம்மண் பாதை. நிலத்துக்காரரிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தேன்.

10.15. பாறை இடுக்கில் பளீரென்று நீலம்! "பாத்தீங்களா அண்ணே!" என்று கத்தியேவிட்டேன். அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து இரண்டு சொட்டு விட்டார். நீலம் கரைந்து வழிந்தது.

"மயில்துத்தம் லா, தண்ணி பட்டா கரஞ்சிடும். அன்னிக்கும் நீ இதத்தான் பாத்திருப்ப."

அவமானமாக இருந்தது. ஊசிக் கற்களை நாங்கள் யாரும் கழுவுவதில்லை, ஊசி உடைந்துவிடும். அன்று நானும் கழுவிப் பார்க்கவில்லை. ஆனால் இது வெறும் படிவு. நான் பார்த்தவை ஊசிகள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நாள் முழுக்க நுண்ணோக்கியில் மின்னணுச் சில்லு பார்க்கிற கண் என்னுடையது. பொய் சொல்லாது.

11.50. இன்னும் உள்ளே தள்ளி, பச்சைக் கறை படிந்த வெள்ளைக் கல் ஒன்றைச் சுத்தியலால் பிளந்தேன். லென்ஸில் நீல ஊசிகள், கொத்துக் கொத்தாக.

"ஊத்துங்க அண்ணே! போத்தல் முழுசும் ஊத்துங்க!"

ஊற்றினார். ஓர் ஊசிகூடக் கரையவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

வியாழன் மாலை, சூலியா தெரு தேநீர்க் கடை. துணுக்கு ஒன்றை அனுப்பியிருந்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் எக்ஸ்ரே முடிவு கைப்பேசிக்கு வந்தது: கொனலைட்டேதான். மேசையைத் தட்டிச் சிரித்தேன். கடையே திரும்பிப் பார்த்தது. ஆரோக்கியம் அண்ணன் மெதுவாக, "எனக்கு ஒரு துண்டு குடேன்," என்றார். கொடுத்தேன். பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"லேபல்?"

"அதான் கல்லு இருக்குல்ல அண்ணே, லேபல் எதுக்கு?"

"லேபல் இல்லாட்டி நாளைக்கு எவன் நம்புவான்?"

கடை ரசீதின் பின்பக்கத்தில் அவரே எழுதினார்: கனிமத்தின் பெயர், சுரங்கம், கண்டெடுத்தவர் என்று என் பெயர். அதற்குக் கீழே, தண்ணீர் ஊற்றியவர் என்று தன் பெயர்.