முதுகு காட்டி உட்கார்ந்தவர்

மேடவாக்கத்தில் எங்கள் பால்கனிக்குக் கீழே மகளுக்கு டென்னிஸ் மேட்ச். பந்துச் சத்தம் கேட்கிறது, எட்டிப் பார்க்கத்தான் எனக்குப் பயம்.

தொண்ணூறுகளில் தாம்பரத்துக் கல்லூரியில் அண்ணன் ஆடிய இறுதிப் போட்டியிலும் இதே சத்தம்தான். அவன் தோற்றால் கோப்பை கைமாறிவிடும். வருஷா வருஷம் அதை ஜெயித்துக் கொடுத்த கோச்சோ, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"சார், பாக்க மாட்டீங்களா?"

"சத்தத்தக் கேக்குறேன்மா. பந்து ராக்கெட் நடுவுல படுது. உங்கண்ணன் ஜெயிச்சிடுவான்."

அப்படியே ஜெயித்தான்.

"உங்களுக்குப் பயமே வராதா சார்?"

"வராம? எத்தினி கப்பு வாங்கினாலும் வருது. என் மூஞ்சியப் பாத்தா புள்ளைங்களும் பயந்துடும். அதான் திரும்பி உக்காந்துக்குவேன்."

பால்கனி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்கிறேன். நடுவில்தான் படுகிறது.